தண்ணீர் ஏற்றிய இலைகள்

தொலைவில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நானும் குட்டியும் சௌக்கியம். அவளுக்குக் காய்ச்சல் விட்டு இப்போது வீட்டையே இரண்டாக்குகிறாள். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் பேராசிரியர் அங்கிருந்து என்னைப் போனில் கூப்பிட்டார். குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது வேலையில் கவனம் பிசகுவது சகஜம், மனதில் வைத்துக்கொள்ளாதேம்மா என்றார். எதற்கு ஆறுதல் என்றே முதலில் புரியவில்லை. தண்ணீர் ஏற்றிய செடிகளை நான் கெடுத்துவிட்டேன் என்று சொன்னீர்களாமே! வெட்கமாக இல்லையா உங்களுக்கு? அந்த வாரம் நான் ஆய்வகத்துப் பக்கமே போகவில்லை. சிரிஞ்சைப் பிடித்தது உங்கள் கை.

புழு கடித்து இலையின் செல் உடைந்தால் உள்ளே இருக்கும் என்.ஏ.டி. என்ற வேதிப்பொருள் வெளியே சிந்தும், அதை உணர்ந்து பக்கத்துச் செல்கள் உஷாராகும் என்பதுதானே நம் கட்டுரை? அதற்காகச் சில இலைகளுக்குள் என்.ஏ.டி.யையும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு இலைகளுக்குள் வெறும் தண்ணீரையும் செலுத்தினீர்கள். தண்ணீர் இலைகளும் உஷாரானதும், கட்டுரையே பொய்யாகிவிடும் என்று உங்களுக்குப் பயம் வந்துவிட்டது. தண்ணீர் இலைகளின் படத்தைக் கட்டுரையிலிருந்து தூக்கிவிடு என்றீர்கள். மாட்டேன் என்றேன். உடனே பழி என் தலையில்.

குட்டியை அக்காவிடம் விட்டுவிட்டுப் புதுச் செடிகளில் மறுபடி செய்தேன். அதே பதில்தான். தண்ணீர் இலைகளிலிருந்து வழிந்ததைச் சோதித்தால் அதிலும் என்.ஏ.டி.! சிரிஞ்சு அழுத்திய வேகத்தில் செல்கள் நசுங்கி, தங்களுடையதையே சிந்தியிருக்கின்றன. பதமாகச் செலுத்தியபோது தண்ணீர் இலைகள் சும்மா இருந்தன, என்.ஏ.டி. இலைகள் மட்டும் விழித்துக்கொண்டன. நம் கட்டுரை பொய்யாகவில்லை, பலமாகியிருக்கிறது. மறைக்கப் பார்த்த மனுஷருக்கு இது எப்படித் தெரியும்?

எல்லாப் படங்களும் இத்துடன் இருக்கின்றன. பேராசிரியருக்கு நானே அனுப்பியிருக்கலாம். கை போனது, மனசு போகவில்லை. நீங்களே காட்டுங்கள். செலுத்தியது யார் என்பதையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

உண்மையைச் சொல்லி, நீங்கள் அங்கே தேடிப் போன வேலை கைவிட்டுப் போனால் போகட்டும். குட்டி தினமும் அப்பா எப்ப வருவாரு என்று கேட்கிறாள். சீக்கிரம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். தயவுசெய்து, சொல்லிவிட்டே வாருங்கள்.

உங்கள் மனைவியும், அந்தக் கட்டுரையில் பாதியும் ஆன
நான்