நாற்பத்திரண்டாவது தும்பி

அக்கா,

இன்று காலை பையைத் திறந்ததும் எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. கொசுவுக்கென்று ஆயர் ஈத்தாம் சந்தையில் நீங்கள் வாங்கித் தந்த புட்டி, மூடி தளர்ந்து கசிந்திருக்கிறது. எட்டு மாதமாக நான் தொடாத பை அது. நீங்கள் கண்மூடிய பிறகு, நாம் தும்பி தேடிய அந்த ஊர் ஓடைப் பக்கமே நான் போகவில்லை.

போன வாரம்வரை இனிப் போகவும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இருவரும் சேர்த்த பினாங்குத் தும்பிகள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் படம், தமிழில் ஒரு பெயர், ஒரு சின்னக் குறிப்பு. அந்த இணையப் பக்கத்தை மூடிவிடலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "யாருலா அதப் படிக்கிறா? சர்ச்சுல பூசை முடிஞ்சா வீட்டுல கொஞ்சம் உக்காரு. உன் முட்டி என்ன இரும்பா?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை.

மூடப்போகும் அறிவிப்பை எழுத உட்கார்ந்தபோது ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. சுங்கைப் பட்டாணியிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர். நம் பக்கம் முழுவதையும் இரண்டு முறை படித்தாராம். பிறகு எழுதியிருந்தார்: "பதினேழாம் எண்ணில் இருக்கும் இரண்டு படங்களும் ஒரே இனம் அல்ல. இரண்டாவது தும்பியின் மார்பிலுள்ள மஞ்சள் பட்டை நடுவில் உடைந்திருக்கிறது. பாருங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா. பிறகு அழுகையும் வந்தது. அந்த இரண்டாவது படத்துக்காகத்தானே நாம் இரண்டு வாரம் பேசாமல் இருந்தோம்!

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மின்பலகைகளைச் சோதித்தவர் நீங்கள். நான் அங்கே ஸ்டோர் கிளார்க். கம்பெனி பஸ்ஸின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பினாங்குப் பாலம் முழுக்க நம்மோடு வந்த ஒரு சிவப்புத் தும்பிதான் நம்மைச் சிநேகிதிகள் ஆக்கியது. படம் எடுப்பது நான், பார்ப்பது நீங்கள். அந்தப் படத்தை எடுத்த அன்று கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பட்டை ஒடஞ்சிருக்கு மேரி. போர்டுல இப்படி இருந்தா நான் ரிஜெக்ட் பண்ணிருப்பேன்," என்றீர்கள்.

"புக்குல ஒரே இனம்னுதான்க்கா போட்டிருக்கு."

"புக்கு எழுதுனவரு ஆயர் ஈத்தாமுக்கு வந்தாரா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கிலீஷ் புத்தகத்தைப் படிப்பவள் நான்தானே என்ற திமிர். என் இஷ்டப்படியே இரண்டையும் ஒரே எண்ணில் பதிவேற்றினேன். இரண்டு வாரம் கழித்துச் சேர்ந்த பிறகும் நீங்கள் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மின்னஞ்சலைப் படித்த மறுநாள், அண்ணன் முறையில் நான் 'நானா' என்று அழைக்கும் உங்கள் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். "நானா, அக்கா தும்பி பத்தி எழுதி வச்ச நோட்டு இருக்கா?"

"இருக்கும்மா. அவ துணிமணியெல்லாம் குடுத்துட்டேன், அத மட்டும் குடுக்க மனசு வரல. வந்து எடுத்துக்க."

டத்தோ கிராமாட்டிலிருந்து பஸ் ஏறிப் போய் வாங்கிவந்தேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் உங்கள் குண்டு எழுத்து: "42. கோடுடைஞ்சான். மேரி ஒத்துக்கொள்ளும்வரை பொறுக்கவும்."

இன்று காலை ஓடைக்குப் போனேன். என் கணவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். முட்டி வலிக்க இரண்டு மணி நேரம் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கு வந்தது. எதிரே இருந்த நாணலில் இறங்கி அசையாமல் நின்றது. பட்டை உடைந்துதான் இருக்கிறது, அக்கா. ஒன்றல்ல, மூன்று தும்பிகளில் பார்த்தேன். படங்களையும் உங்கள் பென்சில் குறிப்பையும் அனுப்பியதும் சுங்கைப் பட்டாணிக்காரர் பதில் எழுதினார்: "முதலில் கண்டுபிடித்தவருக்கு என் வணக்கம்." அதை வாசித்துக் காட்டினேன். "அந்தக்கா கண்ணு கண்ணுதான்லா," என்றார் என் கணவர்.

பக்கத்தை மூடவில்லை. நாற்பத்திரண்டாம் எண்ணில் கோடுடைஞ்சான் இருக்கிறது. கண்டவர் என்ற இடத்தில் உங்கள் பெயர், முழுப் பெயர். பதினேழாம் எண்ணின் கீழே, தவறு என்னுடையது என்றும் எழுதிவிட்டேன். அதை எழுதும்போது வெட்கமாக இல்லை. இப்படி ஒரு கண்ணுக்குப் பக்கத்தில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தேன் என்று பெருமையாக இருந்தது.

அடுத்த ஞாயிறும் போகிறேன். புத்தகத்தைக் கொண்டுபோவேன், ஆனால் தும்பி பறந்து போன பிறகுதான் அதைத் திறப்பேன்.

உங்கள்
மேரி