தோட்டத்துக்கு வரப்போகும் டாக்டர்

திங்கட்கிழமை, இரவு

இன்று தேயிலைத் தோட்டக் கூட்டத்தில் நான் பேசியபோது எம்.பி.யே உட்கார்ந்திருந்த கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். டிஸ்பென்சரியை அரசாங்கம் எடுப்பதா, கம்பெனியிடமே விடுவதா என்று எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல புதுக் கட்டடத்தத் திறப்போம். டாக்டரப் பத்தி எலக்சனுக்கு அப்புறம் பேசலாம்" என்றார் எம்.பி.

"கட்டடமாங்க ஊசி போடும்?" என்றேன். கைதட்டல் ஹேவாஹெட்ட டவுன் வரை கேட்டிருக்கும். அந்த வேகத்தில், தமிழ் பேசும் டாக்டர் அடுத்த வாரமே வருகிறார், நானே பேசி முடித்துவிட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். எம்.பி. மறுக்கவில்லை, சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால், தங்கச்சி மகள் செல்வி, நிறைமாதக்காரி, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கட்டிவைத்த பையைப் பிரித்து அலுமாரியில் அடுக்குகிறாள்.

"நீங்கதான் டாக்டரக் கொண்டாறீங்களே மாமா. அங்க போயி சிங்களம் தெரியாம முழிக்கிறதுக்கு, இங்கயே பெத்துக்கிறேன்."

நான் பேசி முடித்த டாக்டர் என் வாயில் மட்டும்தான் இருக்கிறார். எம்.பி. ஏன் சிரித்தார் என்பது இப்போதுதான் விளங்குகிறது. ஓட்டு அவருக்கு. டாக்டர் எங்கே என்று ஊர் கேட்கப்போவது என்னை.

விடிந்ததும் கண்டிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். புது டாக்டர் செல்வியை மட்டும் கண்டியில் வைத்தே பார்க்கப்போகிறார், எனக்காகத்தான் அந்த ஏற்பாடு என்று சொல்வேன். நம்பிவிடுவாள். நான் சொல்லி யார்தான் நம்பவில்லை.