இடது கைக்கு ஒரு ரீஃபில்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும், எனக்கு ரத்த அழுத்தம் ரீஃபில்களைப் பார்க்கும்போது மட்டும். நீ வேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன், அந்த நம்பிக்கை பொய் என்றால் அம்மாவுக்குத் தெரியவேண்டாம், எனக்கு மட்டும் எழுது. நீ கேட்டது சின்னக் காரியம். தணிக்கைத் தேர்வின் கடைசித் தாளில் இரண்டு தடவையும் பால்பாயின்ட் பேனா கெட்டியாக ஓடிக் கை வலித்துப்போய், இரண்டு கேள்விகளைத் தொடாமலே எழுந்து வந்தாய். இனி ஒரே ஒரு வாய்ப்புதான் தருவார்களாம், அதிலும் தவறினால் ஆபீஸில் இடம் இல்லை என்று உன் மேலதிகாரி சொல்லிவிட்டாராம். அதனால் உன்னுடைய எஃகுப் பேனாவுக்குள் போகக்கூடிய, இடது கைக்காரி எழுதினாலும் தீற்றிக்கொள்ளாத, ஒரு கறுப்பு ஜெல் ரீஃபில் பார்த்து அனுப்புங்கப்பா என்றாய். நீ இருக்கிற இடத்தில் ரீஃபில் தனியாகக் கிடைப்பதில்லை, மசி தீர்ந்தால் பேனாவையே குப்பையில் போட்டுவிடுகிறார்கள் என்றும் சொன்னாய். நல்ல முன்னேற்றம். செருப்பு அறுந்தால் காலையும் சேர்த்துப் போடுவார்களோ என்னவோ.

நம் தெருமுனை ஸ்டேஷனரிக் கடைக்காரரை உனக்கு நினைவிருக்கும், குண்டூசி கேட்டால்கூடப் பிரசங்கம் செய்வார் என்பதால் தெரு முழுக்க அவரைப் பேராசிரியர் என்றுதான் கூப்பிடுகிறது. நான் கேட்டதும் நான்கு ஜெல் ரீஃபில்களை மேசைமேல் வரிசையாக வைத்து, சார், இதெல்லாம் பேப்பர்ல படக்கூட வேணாம், நினைச்சாலே எழுதும் என்றார். நினைத்தாலே எழுதும் என்றால் ரீஃபில் எதற்கு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. நான் யாரிடம் என்றைக்குக் கேட்டிருக்கிறேன். நான்கையும் வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துதான் கோபப்பட்டேன். உன் பேனாவோடு எனக்கும் ஒன்று வாங்கித் தந்தாயே, அதில் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரே தாளில், ஒரே வாக்கியத்தையும் ஒரே தொகையையும் எழுதிப் பார்த்தேன். உனக்காக என்பதால் இடது கையால் எழுதினேன். எழுத்து கோழி கிளறியதுபோல் வந்தது. அம்மா எட்டிப் பார்த்து, இந்த வயசுல ஒண்ணாங்கிளாஸ் சேந்திருக்கீங்களா, வாத்தியார் யாருங்க என்றாள்.

முதல் ரீஃபில் பேனாவுக்குள்ளேயே போகவில்லை. மறுபடி கடைக்கு நடந்தால் பேராசிரியர், வால வெட்டிட்டுச் சொருகுங்க சார், எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க என்றார். வெட்டினேன். ஜெல் ரீஃபிலின் வால்பக்கம் கொஞ்சம் பசை வைத்து அடைத்திருப்பார்கள் என்பதும் அது போனால் மசி பின்வழியாக வரும் என்பதும் என் கட்டைவிரல் கறுத்த பிறகுதான் தெரிந்தது. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம், எல்லார் விரலையும் பார்க்கவேண்டும். இரண்டாவது உள்ளே போனது, வழவழவென்று ஓடியது, ஓடியது என்றால் உடைத்துக்கொண்டு ஓடியது. எட்டின் இரண்டு வயிறும் அடைத்துப்போய், எட்டா மூன்றா பூஜ்யமா என்று எழுதிய எனக்கே தெரியவில்லை, தணிக்கைத் தேர்வில் இப்படி எண் எழுதினால் திருத்துகிறவர் என்ன பாவம் செய்தார். மூன்றாவதற்கு விலை அதிகம், உடனே உலரும் என்று உறையில் பெரிதாகப் போட்டிருக்கிறது. அது உண்மைதான். பேனா முனையிலேயே உலர்ந்துவிடுகிறது. ஒரு வரி எழுதி, அடுத்த வரிக்குக் கொஞ்சம் யோசித்தால் போதும், ஓரத்தில் நாலு கிறுக்குக் கிறுக்கிக் கெஞ்சினால்தான் மறுபடி வாயைத் திறக்கும். நான்காவதைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. முனை பேனாவின் மூக்கில் ஆட்டம் கண்ட பல்போல ஆடுகிறது, உள்ளங்கை வியர்வை பட்ட இடத்தில் எழுதமாட்டேன் என்று குதித்துப் போய்விடுகிறது. சரக்கு ஆபீஸில் கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதிப் பழகியவன் நான். அழுத்தினால் தாளைக் கிழிக்கும், அழுத்தாவிட்டால் இரண்டாம் பிரதியைக்கூடத் தொடாத இந்த வழவழப்புக்கு இத்தனை விளம்பரம். ஆனாலும் குறை என் கையில் இருக்கலாம் என்று வலது கையாலும் எழுதிப் பார்த்தேன். குறை என் கையில் இல்லை.

இதற்கு நடுவில் உன் மாமா வந்தார். மேசைமேல் ரீஃபில்களையும் என் கறுத்த விரலையும் பார்த்துவிட்டு, என்ன மாப்ளே, மக பரீட்சைக்கு நீங்க மையாக் கரையறீங்க என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், பாஸாகுறவ கரித்துண்டால எழுதினாலும் பாஸாவா என்றார். கையெழுத்துப் போடுவதைத் தவிர ஆயுளில் ஒரு முழு வரி எழுதியிராத மனிதர். எனக்கு வந்த கோபத்தில் அவர் கேட்ட இரண்டாவது டீயை நான் உள்ளே போய்ச் சொல்லவே இல்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவர் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகத்தான் கை தாளில் எப்படி இழுபடுகிறது என்று வீடியோ எடுத்து அனுப்பு என்று உன்னிடம் கேட்டேன், தெரிந்துகொள்.

பழைய கேள்வித்தாள் ஒன்றுக்கு, அங்கே கிடைத்த ஜெல் பேனாவால் பதில் எழுதி நீ அனுப்பிய வீடியோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உன் சுண்டுவிரல் ஓரத்தில் கறை எங்கே ஆரம்பிக்கிறது, எந்த எழுத்தில் இழுபடுகிறது என்று குறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, ஏங்க, அவ எங்க எழுதுறா, பேனா அந்தரத்துலல்ல நிக்குது என்றாள். யோசிக்கிறாள், சும்மா இரு என்றேன். யோசிக்கலீங்க, எழுதினதையே படிக்கிறா, பாருங்க, அடிச்சுட்டா, மறுபடி அதையேதான் எழுதுறா, இது யாரு மாதிரின்னு நான் வேற சொல்லணுமாக்கும் என்றாள். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து பார்த்தேன். முதல் பதிலின் முதல் பத்தியை நீ மூன்று தடவை எழுதினாய். முதலில் எழுதியதே சரி. இரண்டாவதில் வார்த்தைதான் மாறியது. மூன்றாவதில் முதலில் எழுதியதே திரும்ப வந்தது. அந்த வீடியோ முழுக்க மசி நின்ற இடம் ஒன்றுகூட இல்லையம்மா, நின்றதெல்லாம் நீதான். கடைசி இரண்டு கேள்விகளைத் தின்றது உன் பேனா இல்லை, உன் முதல் கேள்வி.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் நான் சரிம்மா, நல்லதா ஒண்ணு அனுப்புறேன் என்று சொல்லி வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், தேர்வு எழுதுகிறவள் நீ, நான் வீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவன். ஆனால் இந்த நோயை எனக்குத் தெரியும். ஒரு ரீஃபில் வாங்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, நேற்றுவரை முடிவு செய்யாமல், வலது கையால் ஒரு தடவை, இடது கையால் ஒரு தடவை என்று எழுதிக்கொண்டிருந்த ஒருவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். உன் மாமா சொன்னதும் தப்பு. உனக்கு ஆடத் தெரியும். முதல் அடியைவிட்டு நகரத்தான் தெரியவில்லை, அந்த அடி சரியா சரியா என்று அதையே ஆடிக்கொண்டிருக்கிறாய், கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் போய்விடுகிறார்கள்.

நான்கு ஜெல்லையும் குப்பையில் போட்டுவிட்டேன். இதோடு இருப்பது சாதாரணக் கறுப்பு பால்பாயின்ட் ரீஃபில்கள் இரண்டு, பேராசிரியர் கடையில் இருப்பதிலேயே மலிவானவை, இதைக் கேட்டதற்கு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், பார்க்கட்டும். இது கொஞ்சம் கெட்டியாகத்தான் ஓடும். கை வலிக்கும். ஆனால் எழுதிய உடனே காய்ந்துவிடும், மேலே தாள் வைத்தாலும் தீற்றாது. அதற்காகத்தான் இது. தேர்வறையில் இரண்டு வெற்றுத் தாள் கேட்டு வாங்கிக்கொள். ஒரு பத்தி முடிந்ததும் அதன்மேல் தாளை வைத்து மூடிவிடு, அதன்மேல் கையை வைத்து எழுது. கையும் அழுக்காகாது, கண்ணும் மேலே போகாது. மணி அடிக்கும்வரை தாளைத் தூக்காதே. அதற்குப் பிறகும் தவறினால் தவறட்டும், அந்த ஆபீஸ் ஒன்றும் அரண்மனை இல்லை, இங்கே உன் அறையில் நான் ரீஃபில் உறைகளைத்தான் வைத்திருக்கிறேன், ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடுவேன்.

அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு தபாலில் சேர்க்க வாசலில் நிற்கிறாள், கொண்டாங்க, திருப்பிப் படிச்சீங்கன்னா இது அடுத்த மாசம்தான் போகும் என்கிறாள். மேலே எங்கேயோ உன் மனம் புண்படும்படி ஒரு வரி எழுதிவிட்டேன் என்று இப்போதே உறுத்துகிறது. எந்தப் பத்தி என்றும் தெரியும், கை அங்கேதான் போகிறது. நான் போய்ப் பார்க்கப்போவதில்லை. என் வயதில் என்னால் முடிந்தால் உன் வயதில் உன்னால் முடியும். நீண்ட ஆயுளும் நிறைந்த மனமுமாக நீ நன்றாக இருக்கவேண்டும், காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல்லவேண்டும், தேர்வன்று காலை வயிறு காயப் போகாதே. இந்தத் தாளை மடிக்கிறேன்.

உன்
அப்பா