பைக்குள் இருந்த படகு

23.11.2005, புதன்

என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆறே இல்லாத துபாயில் வாங்கி வந்த ரப்பர் படகு. டிவியில் வெள்ளைக்காரர்கள் காட்டாற்றில் போவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. காலையில் வெள்ளாறு செக்கச்செவேலென்று சுழித்து ஓடும்போது, படகுக்குக் காற்றடித்து ஏறி உட்கார்ந்துவிட்டார். "பாலத்துக்கு முன்னாடியே கரை ஏறிடுவேன் புள்ள" என்றார். பாலத்தையும் தாண்டி வளைவில் மறைந்ததைக் கரையில் நின்று பார்த்தவள் நான்.

வீட்டுக்கு ஓடி வந்து அவர் செல்லுக்கு அடித்தால், அது பீரோ மேலேயே அடிக்கிறது. நனைந்துவிடும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

மதியத்துக்குள் பாலத்தில் பாதி ஊர் கூடிவிட்டது. எல்லோரும் தண்ணீரில் படகைத் தேடினார்கள். நான் ஓதாத துஆ இல்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம், பெண்ணாடம் பக்கமிருந்து வந்த பஸ் கூட்டத்தைப் பார்த்து நின்றது. தோளில் பையோடு இறங்கியவர் எக்கி ஆற்றைப் பார்த்துவிட்டு, "யாரு பாய் வுழுந்துட்டா?" என்று கேட்டார்.

"நீங்கதான்" என்றார் எங்கள் மளிகைக்கடைக்காரர்.

வெகுதூரம் போய்த்தான் கரை ஏற முடிந்ததாம். காற்றைப் பிடுங்கி, படகை மடித்துப் பையில் போட்டு, பஸ் ஏறிவிட்டாராம். ஊரே சிரித்தது. எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது, பையைத்தான் பிடுங்கிக்கொண்டேன்.

படகு மாடிக் கொடியில் காய்கிறது. அதன் காற்று மூடியைக் கழற்றி என் நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நாளைக்கு அவர் தேடட்டும். இன்று முழுக்க நான் தேடவில்லையா?