நான் கையெழுத்துப் போட்டு வாங்கிய கவர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் அங்கே அப்படித்தான் இருப்பாய், இருக்க வேண்டும். குட்டிக்கு ஒன்பது முடிந்து பல் வரிசை சரியாகிவிட்டது, கணக்கில் உன்னைப் போல அவசரக்காரி. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. மாடிப்படியில் கைப்பிடி போட்டாயிற்று, உன் பெண்டாட்டிதான் தச்சரைக் கூட்டிவந்து போட்டாள். பெண்டாட்டி என்று நான் எழுதியதைப் பார்த்து முகம் சுளிக்காதே, போன வாரத்திலிருந்து இந்த நாட்டில் அப்படித்தான் எழுத வேண்டும், தீர்ப்பு வந்துவிட்டது.

வக்கீல் உனக்கு நாலு வரியில் தந்தி மாதிரி சொல்லியிருப்பார், நடந்ததை நடந்தபடி பெற்றவள் சொல்கிறேன், முழுசாகப் படி. நீ போனில் “ஒரு கவர் வரும்மா, நீயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ, அவகிட்ட மூச்சு விடாத, நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்” என்றாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம், காதில் விழுந்ததை வாய்க்கு அனுப்பாத உத்தியோகம் பார்த்தவள் நான், எனக்கா ரகசியம் கஷ்டம்? வாங்கி என் பெட்டியில் பழைய போர்வைக்கு அடியில் வைத்தேன். அது நீ இருக்கும் நாட்டுக் கோர்ட் அவளுக்கு அனுப்பிய விவாகரத்து நோட்டீஸ் என்று எனக்குத் தெரியாது என்று இன்றைக்கு வரை உன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெரியும். மேலே முத்திரை இருந்தது. அவள் வரவில்லை, பதில் போடவில்லை என்று அங்கே ஒருதலையாக உனக்கு விவாகரத்து கொடுத்தார்கள், நீ வேறு கல்யாணமும் செய்துகொண்டாய். அதற்குப் பிறகும் பதினோரு மாதம் அவள் சமைத்ததை நான் சாப்பிட்டேன், உன் சட்டைகளைப் பூச்சி அரிக்காமல் அவள் வெயிலில் காயவைத்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். பக்குவமாகச் சொல்கிறேன் என்றவன் அவளிடம் “விசா பேப்பர் ரெடியாகுது” என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே குழந்தையைக் கூட்டிக்கொண்டு விசா கேட்கப் போனாள். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்து “நீங்க இவரோட மனைவி இல்லையேம்மா, பதினோரு மாசமா இல்லையே” என்றாராம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்களாம். வீட்டுக்கு வந்ததும், இந்த வீட்டுத் தபாலை ஒளிக்க என்னை விட்டால் யார் என்று நேரே என் பெட்டியைத் திறந்தாள்.

அங்கே கொடுத்த விவாகரத்து செல்லாது என்று அவள் இங்கே போட்ட வழக்கு நடந்த விதத்தையும் சொல்கிறேன், எனக்கே இப்போது பாதி வக்கீல் படிப்பு வந்துவிட்டது. முதல் கேள்வி, ஒரு நாளும் அந்த மண்ணை மிதிக்காதவளை விசாரித்துத் தீர்ப்பு எழுத அந்தக் கோர்ட்டுக்கு அதிகார வரம்பு உண்டா என்பது. அவளுடைய வக்கீலம்மா, எதிராளிக்கு நிஜமாக வாய்ப்புக் கொடுக்காத வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று மேல் கோர்ட் முன்னமே சொன்னதை எடுத்து நீட்டினார். மேலே ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் கீழே இருப்பவர்கள் அந்தத் தடத்திலேயே போக வேண்டுமாம், முன்தீர்ப்பு என்கிறார்கள். உன் வக்கீலும் சும்மா இல்லை, அவர் பங்குக்கு ஒரு முன்தீர்ப்பு வைத்திருந்தார், வீட்டில் இருக்கும் பெரியவர் வாங்கிக் கொடுத்தாலே நோட்டீஸ் சேர்ந்ததாகக் கணக்கு என்று. ஆக எல்லாம் என் வாயில் வந்து நின்றது. நான் சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் நீ போனில் அழுதாய், “குடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, பெத்த புள்ளைக்கு இதுகூடவா செய்ய மாட்ட” என்று. சொல்லத்தான் போனேன், சத்தியமாக. கூண்டில் ஏறி நின்று வார்த்தையை நாக்கு நுனியில் வைத்திருந்தேன். எதிர் பெஞ்சில் அவள் என்னை முறைக்கவுமில்லை, கும்பிடவுமில்லை. பழக்க தோஷத்தில் என் மாத்திரை டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பகல் மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. நீதிபதி இரண்டாம் முறை கேட்டார். கொடுக்கவில்லை, ஒளித்து வைத்தேன் என்றேன். இடைவேளையில் நல்ல வார்த்தை ஒன்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். மாத்திரையைக் கையில் கொடுத்து “போட்டுக்கோங்க அத்தை, குறுக்கு விசாரணைக்கு முன்னாடி நீங்க செத்துட்டா உங்க சாட்சி நிக்காதாம்” என்றாள். போட்டுக்கொண்டேன்.

ஜெயித்தது அவள்தான், ஆனால் என்ன ஜெயிப்பு. இங்கே அவள் உன் மனைவி, உன் இரண்டாம் கல்யாணம் கல்யாணமே இல்லை. அங்கே அவள் உனக்கு யாருமில்லை, இந்தக் கோர்ட் சொன்னது அங்கே செல்லாது. “அப்ப இங்கேருந்து பிளேன் ஏறினா எந்த எடத்துல மேடம் நான் பொண்டாட்டி இல்லாமப் போவேன்?” என்று வக்கீலம்மாவைக் கேட்டாள். இங்கேயே புதிதாக மனுப் போட்டு விலகிக்கொள்ளலாமே என்று வக்கீலம்மா சொன்னதற்கு, முடியாது, விவாகரத்து வேண்டுமென்றால் அவர் வந்து நேரில் கேட்கட்டும் என்றுவிட்டாள். நீ வந்து இறங்கினால் முதல் மனைவி இருக்க மறுமணம் செய்த குற்றத்துக்குக் கேஸ் தயாராக இருக்கிறது. ஆகவே அவளும் நகர மாட்டாள், நீயும் வர முடியாது. பிள்ளை பேர் எடுப்பான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், எடுத்துவிட்டாய், இந்தத் தீர்ப்பு புத்தகத்தில் அச்சாகிறதாம், இனி இப்படி ஏமாற்றப்பட்ட ஒவ்வொரு பெண்ணும் உன் பெயரைச் சொல்லித்தான் கோர்ட்டில் வாதாடுவாள். அதில் எனக்கும் ஒரு வரி உண்டு, “எதிர்மனுதாரரின் தாய் தெரிந்தே மறைத்தார்” என்று. குட்டி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு “தெரிஞ்சே மறைக்கிறதுன்னா என்ன பாட்டி?” என்றாள். அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க வாசல்படியில் வந்து நின்றாள்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. வேளைக்குச் சோறு வருகிறது, துணி துவைத்து மடித்து வருகிறது, பேச்சு மட்டும் வருவதில்லை. கேட்டால் அத்தைக்கு நான் என்ன குறை வைத்தேன் என்பாள், ஒரு குறையும் இல்லை. உனக்கு அங்கே பிறந்த குழந்தையின் போட்டோ அனுப்புவதாகச் சொன்னாயாம் தங்கையிடம், அனுப்பாதே, இந்த வீட்டுக் கவர்களை இப்போது அவள்தான் வாங்கிப் பிரிக்கிறாள். இதையும் ஒட்டாமல்தான் அவளிடம் கொடுப்பேன். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், வண்டியை நிதானமாக ஓட்டு. எனக்கு என்ன ஆனாலும், தங்கை அழுது கூப்பிட்டாலும், கிளம்பி வந்துவிடாதே, இதை மறக்காதே. உன்னோடு சேர்த்து யாரை வாழ்த்துவது என்று தெரியவில்லை, அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி. உன்னைத் தனியாகவே வாழ்த்துகிறேன், நீண்ட ஆயுசோடு இரு.

இப்படிக்கு,
எந்த நாட்டுக் கோர்ட்டுக்குப் போனாலும் விலக்கு வாங்க முடியாத
உன் அம்மா