உன் நைனாவுக்கு ஐம்பத்து மூன்று வயது

கும்மிடிப்பூண்டி
17-6-76, வியாழக்கிழமை

அன்பு மகள் குணசுந்தரிக்கு அம்மா கன்னியம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் நைனாவும் தம்பி சின்னராசுவும் உடம்பால் சுகம், மனசால் இல்லை. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் இரண்டாலும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் உன் சிலேட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், கூட்டிப் படித்துக்கொள். நாளைக் காலை பத்து மணிக்கு ஆலை டாக்டர் உன் நைனாவின் வயதை முடிவு செய்யப் போகிறார். அதை நினைத்தால் எனக்குக் கை ஓடவில்லை, அதனால்தான் அடுப்பை அணைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

போன கடிதத்தில் உனக்குப் பாதிதான் சொன்னேன், நைனாவை இளமையாகக் காட்ட வழி எழுது என்று மட்டும் கேட்டேன், ஏன் என்று சொல்லவில்லை. இரும்பு ஆலையில் ஐம்பத்தெட்டு வயது வரைதான் வேலை. அவருக்கு நிஜமாக ஐம்பத்து மூன்று. ஆனால் ஆபீஸ் புத்தகத்தில் ஐம்பத்தெட்டு என்று இருக்கிறது. எழுதினவன் மேல் குற்றமில்லை, சொன்னவர் இவர்தான். அறுபத்து மூன்றாம் வருஷம் வேலைக்குச் சேரப் போனபோது லாரியிலிருந்து இரும்பு இறக்கும் கூட்டத்துக்கு ஒரு மேஸ்திரி தேடிக்கொண்டிருந்தார்களாம், வயசான ஆளாக இருந்தால்தான் சின்னப் பசங்கள் அடங்குவார்கள் என்று யாரோ சொல்ல, நாற்பது வயசுக்காரர் நாற்பத்தைந்து என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து, அஞ்சு வயசு ஏத்திச் சொன்னேன்மே, மேஸ்திரி ஆக்கிட்டானுங்க என்று பெருமை வேறு. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஏற்றின வயசை இன்றைக்கு இறக்க முடியவில்லை. பிறந்த தேதிக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தேர்வாய் கண்டிகையில் பண்ணை வேலைக்குப் போனவர்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் யார் போய்ப் பதிந்தார்கள். காகிதம் இல்லாதவர்களை டாக்டர் பார்த்து என்ன வயது எழுதுகிறாரோ அதுவே வயது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். டாக்டரும் ஐம்பத்தெட்டு என்று எழுதிவிட்டால் அடுத்த மாதம் முதல் அவர் வீட்டில்தான். சின்னராசுவுக்குப் பாலிடெக்னிக்கில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அது உனக்கே தெரியும்.

நீ ஆஸ்பத்திரியில் படித்த படிப்பையெல்லாம் போட்டு எழுதின கடிதத்தை ஐந்து வாரமாக வேதம் மாதிரி வைத்துக்கொண்டு அவரைப் பாடாய்ப் படுத்தினேன். புகையிலையை முதல் நாளே பிடுங்கி அடுப்பில் போட்டேன். மூன்று நாள் வீட்டில் நிற்க முடியவில்லை, தட்டு வைத்தால் குற்றம், வைக்காவிட்டால் குற்றம், பேஜாரு புடிச்ச பொம்பள என்று எனக்குப் பேர். விடியற்காலையில் ரயில் பாதை ஓரமாக நடக்க வைத்தேன். வெந்நீர் குடிக்க வைத்தேன். முருங்கைக்கீரை ஒரு நாள், கரிசலாங்கண்ணி ஒரு நாள், முகத்துக்குப் பயத்தம்மாவு, வெயிலில் நிற்கும்போது தலையில் ஈரத்துண்டு, படுக்கும்போது தலையணை கூடாது என்று ஒன்று விடவில்லை. கூன் போட்டு உட்கார்ந்தால் முதுகில் ஒரு தட்டு தட்டினேன். தினமும் நல்லெண்ணெய் காய்ச்சிக் கால் முதல் தலை வரை தேய்த்தேன். இன்னாமே, சந்தைக்கு ஓட்டிக்கினு போற மாடா நானு, இந்தத் தேய் தேய்க்கிற என்று திட்டிக்கொண்டே முதுகைக் காட்டினார். ஆனால் பார்வைக்கு வித்தியாசம் தெரிந்தது குணா, சும்மா சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த பை வற்றிவிட்டது, தோல் மினுமினுக்கிறது, நடையில் பழைய மிதப்பு வந்துவிட்டது.

கூட வேலை செய்யும் மாரியப்பனுக்கும் இதே கதிதான், அவன் என்னைப் போல மெனக்கெடவில்லை. மெட்ராஸ் போய்த் தலைச்சாயம் வாங்கிப் பூசிக்கொண்டான், மறுநாள் கண் திறக்க முடியாமல் மூஞ்சி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அதைப் பார்த்துப் பயந்துபோய் வேறு நாலு பேர், நரை இருந்தால்தானே தெரியும் என்று திருத்தணிக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார்கள். எவனுக்கும் வேண்டுதல் கிடையாது. ஆலை கேட்டில் நாலு மொட்டை வரிசையாக நிற்பதைப் பார்த்து டைம் ஆபீஸ் குமாஸ்தா செங்கல்வராயன் உள்ளே போய்ச் சொல்லிவிட்டான். அதிலிருந்துதான் இந்தப் புதுக் கெடுபிடி. தலையைப் பார்த்து வயசு சொல்ல முடியாது, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அழைத்து வரவேண்டும், இல்லாவிட்டால் மனைவியை அழைத்து வரவேண்டும் என்று நேற்று மத்தியானம் சொல்லிவிட்டார்கள். உன் நைனாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யார் இருக்கிறார்கள். சம்சாரத்த இட்டுக்கினு வாய்யா, அவங்க வயச வெச்சு உன் வயச கணக்கு போட்டுக்கலாம் என்று செங்கல்வராயன் சொன்னானாம்.

நேற்று சாயங்காலம் மாரியப்பன் வீங்கின மூஞ்சியோடு வந்து வாசலில் உட்கார்ந்தான். நான் உள்ளே புளி கரைத்துக்கொண்டிருந்தேன், கேட்காது என்று நினைத்துவிட்டான். அண்ணி வேணாம்ணா, அவங்கள பாத்தா டாக்டரு உனக்கு அறுபதுன்னு எய்திடுவாரு, அவங்க தங்கச்சி அஞ்சம்மாள இட்டுக்கினு போ, யாருக்குத் தெரியப் போவுது என்றான். அவன் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை, அவன் வாய் அப்படித்தான். உன் நைனா என்ன சொல்கிறார் என்று புளிக் கையோடு நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் போன பிறகு உள்ளே வந்து, நீ இன்னாமே சொல்ற என்று என்னையே கேட்டார். அவளையே இட்டுக்கினு போ, அப்படியே ஊட்லயும் வெச்சுக்கோ என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சோறு போட்டேன், பாதியில் எழுந்துவிட்டார்.

இன்று அவர் வேலைக்குப் போனதும் கண்ணாடி பார்த்தேன். நம் வீட்டில் இருக்கிறதே ஒரே சவரக் கண்ணாடி, அது அவர் உயரத்துக்கு அடித்த ஆணியில் தொங்குகிறது. எனக்கு வகிடு மட்டும்தான் தெரியும், பொட்டை விரல் பழக்கத்தில் வைத்துக்கொள்வேன். மணையைப் போட்டு ஏறி நின்று பார்த்தேன். மாரியப்பன் பொய் சொல்லவில்லை குணா. எனக்கு நாற்பத்தாறு வயது. கண்ணாடியில் இருந்தவளுக்கு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பதினோரு வயதில் நாற்று நட இறங்கினவள், ஐந்து பெற்று இரண்டைத் தக்கவைத்தவள், இன்னும் சவுக்குத் தோப்பிலிருந்து அடுப்புக்கு மிலார் விறகுக் கட்டைத் தலையில் சுமந்து வருகிறவள். இந்த ஐந்து வாரமும் கீரையை ஆய்ந்தது நான், தின்றது அவர். எண்ணெய் காய்ச்சியது நான், மினுமினுத்தது அவர். மிச்சம் இருந்தால் சாப்பிட்டேன், இல்லாவிட்டால் வெற்றிலையைப் போட்டுக்கொண்டேன். அவரை நான் இளமையாக்க ஆக்க, பக்கத்தில் நிற்கும் நான் இன்னும் கிழவியாகத்தானே தெரிவேன். அது என் புத்திக்கு எட்டவில்லை. பக்கத்து வீட்டு ஞானம்மாவிடம் பவுடர் வாங்கிப் பூசிப் பார்த்தேன், சாம்பல் அப்பினது மாதிரி இருந்தது, கழுவிவிட்டேன். நாளைக்கு என் மூஞ்சியைப் பார்த்து உன் நைனாவின் வேலையை எடுத்துவிடுவார்களோ என்று ஒரு கவலை. அவர் காலையில் யாரைக் கூப்பிடுவார் என்பது அதைவிடப் பெரிய கவலையாக இருக்கிறது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். கடிதத்தை இன்று தபாலில் போடவில்லை.

19-6-76, சனிக்கிழமை

நேற்று காலை அஞ்சம்மாள் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு வாசலில் நின்று, கெளம்புமே, நாழியாவுது என்றார். நான் பெட்டியைத் திறந்து வீட்டில் இருந்த காகிதம் அத்தனையையும் பையில் திணித்துக்கொண்டேன், எது உதவும் என்று தெரியவில்லை. வழி முழுக்க அவர் முன்னால், நான் பின்னால்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். இவருடைய பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார், குந்தி எழுந்திருக்கச் சொன்னார். ஐந்து வாரம் நடந்த கால் அல்லவா, பத்து தடவை குந்தி எழுந்தார், மூச்சு வாங்கவில்லை. ஐம்பத்து மூன்று சொல்லலாம் என்றார் டாக்டர். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார், கையைத் திருப்பிப் பார்த்தார், ஏதோ எழுதினார். செங்கல்வராயன் எட்டிப் பார்த்துவிட்டு, சம்சாரம் அம்பத்தெட்டு, அப்போ புருஷனுக்கு அதுக்கு மேலதான சார் இருக்கணும், என்று உரக்கச் சொன்னான். வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது, யாரோ சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை பாடும் என் முகத்தால் பாழாயிற்று என்று நினைத்தேன்.

உன் நைனா மேஸ்திரி குரலில், அது வயசு இல்ல சார், வேல, என்றார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். என்னைத் தேய்ச்சுக் கழுவி நிமித்தி இட்டுக்கினு வந்தது இது, இதுக்குத் தேய்க்க ஊட்ல ஆளு இல்ல, அதான் இப்டி கீது, என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. எத்தனை பிள்ளை என்று கேட்டார், தலைச்சன் யார் என்று கேட்டார். அப்போதுதான் பையில் இருந்த உன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் நினைவுக்கு வந்து எடுத்து நீட்டினேன். பிறந்த வருஷம் நாற்பத்தெட்டு என்று இருக்கிறதே, அதை இரண்டு தடவை பார்த்தார். கல்யாணமாகி எத்தனையாவது வருஷம் பிறந்தாள் என்றார். இரண்டாவது வருஷம் என்றேன். அவர் செங்கல்வராயனைப் பார்த்து, இந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு என்றால் இருபத்தெட்டு வயதில் கல்யாணம் நடந்திருக்க வேண்டும், உங்கள் பக்கத்தில் பெண்ணை அவ்வளவு நாள் வீட்டில் வைத்திருப்பார்களா என்று கேட்டார். என் வயதை அடித்துவிட்டு நாற்பத்தாறு என்று எழுதினார். இவருக்கு ஐம்பத்து மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே, களை எடுக்க அனுப்பு என்று ஊரே சொன்னது, இன்றைக்கு உன் புத்தகம்தான் உன் நைனாவின் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது.

நல்ல சேதி, ஆனாலும் வீட்டுக்கு வந்தும் அவர் பேசவில்லை. டாக்டர் அடித்த அந்த ஐம்பத்தெட்டை அவரும் பார்த்தார், காகிதத்தில் அடித்தாலும் எண் தெரியத்தான் செய்தது. இன்று காலை நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறேன், உள்ளே சுத்தியல் சத்தம். கண்ணாடி ஆணியைப் பிடுங்கி, என் உயரத்துக்கு இறக்கி அடித்துக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். சும்மாத்தான் என்றார். இப்போது குனிந்துதான் சவரம் செய்துகொள்கிறார். கூன் போடாதே என்று ஐந்து வாரம் முதுகில் தட்டினேன், இன்று தட்ட மனசு வரவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நூறு வயது நன்றாக இருங்கள், மாரியாத்தாள் துணை இருப்பாள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் முதலில் நீ சாப்பிடு, அப்புறம் மற்றவர்களுக்குப் போடு, உன் தலைக்கு எண்ணெய் வைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று இன்றைக்கே எண்ணிப் பார். பதில் சீக்கிரம் போடு. போன கடிதத்தில் நைனாவுக்கு நாலு பக்கம் எழுதினாய். இந்தத் தடவை எனக்கும் ஒரு பக்கம் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
ரா. கன்னியம்மா, வயது 46