எட்டாவது வளையம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே அப்பாவின் சர்க்கரையும் என் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கின்றன. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல், மனசில் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பதிவு இருக்காது, இது பதிவு இருக்க வேண்டிய விஷயம்.

நம் பட்டறையில் விமானத்துக்கு வளையம் செய்து கொடுக்கிறோம் இல்லையா, அதற்கு வருஷா வருஷம் நாமே நம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும், இன்டர்னல் ஆடிட் என்று பெயர், அது முடிந்த பிறகுதான் பெரிய கம்பெனி ஆள் வந்து பார்த்து சர்டிபிகேட்டைப் புதுப்பிப்பார். எப்போதும் வருகிற ஆடிட்டர் மாடிப்படியில் விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். வேலை செய்கிறவனே தன் வேலையைச் சோதிக்கக் கூடாது என்பது விதி, பட்டறையிலோ அப்பா, உன் மாமா, லேத் மெஷினில் நிற்கும், நாம் அரைநூல் என்று கூப்பிடுகிறவர் என்று மூன்றே பேர், மூவருக்கும் எல்லா வேலையிலும் கை உண்டு. அப்போது உன் மாமாதான், "அக்கா இருக்காளே, அவதான் இங்க ஒரு வேலையும் செய்யறதில்ல" என்றான். இருபத்தாறு வருஷமாகப் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ கொண்டுபோய்க் கொடுக்கிறவளைப் பார்த்துச் சொன்னான். சொல்லட்டும் என்று இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன், நூற்றுக்கு எண்பத்தெட்டு. விதிப்புத்தகத்தை மூன்று தடவை படித்து, புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன திங்கட்கிழமை ஆரம்பக் கூட்டம். டீயைக் கொடுத்துவிட்டு, டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோரும் உட்காருங்கள் என்றேன். அரைநூலைத் தெரியுமே, எதைக் கேட்டாலும் "அரை நூல் கூடுதல் அண்ணி, அரை நூல் கம்மி அண்ணி" என்பாரே, அவர் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். உன் மாமா சிரித்துக்கொண்டே இருந்தான், சிரிப்பதையும் குறித்துக்கொண்டேன், நின்றுவிட்டது. மைக்ரோமீட்டர் சரியாக அளக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "நான் உன் புருஷன்டி, என்கிட்டயே ஆதாரமா" என்றார். வாய்மொழி ஆதாரம் மட்டுமே கிடைத்தது என்று எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் அதைச் சோதித்துக் கொடுத்த சீட்டை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார், தேதி சரியாகவே இருந்தது. நல்லதையும் எழுத வேண்டும், எழுதினேன்.

வினை பிறகுதான் வந்தது. அளவு தப்பிய வளையத்தை உடனே இரண்டாக வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் கைதவறி நல்ல பெட்டியில் கலந்து வானத்துக்குப் போய்விடும். அப்படி வெட்டியதை எழுதி வைக்கும் பதிவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திருப்பினேன். நாலு வருஷத்துக்கு முன்னால் துளை பெரிதாகிப் போன எட்டு வளையங்கள், எட்டும் வெட்டி அழிக்கப்பட்டன என்று எழுதி அப்பாவின் கையெழுத்து. பக்கத்தில் எட்டு வளையத்திலும் பொதுவாகப் பொறித்த எண். அந்த எண்ணை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் காலையில் துடைக்கிறேனே. நம் விளக்குக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கும் வளையத்தில் அதே எண்.

இத்தனை நாளும் வானத்தில் போகிறவர்களுக்காகவும் சேர்த்துத்தான் அந்த விளக்கின் முன்னால் வேண்டிக்கொண்டிருந்தேன். அப்பாவைக் கேட்டால் "பளபளன்னு இருந்துச்சு, வெட்ட மனசு வரல" என்கிறார். பட்டறை முழுக்கத் தேடினோம். இரண்டாவது என் அடுப்படியில் சூடான பாத்திரத்துக்கு அடியில். மூன்றாவது அரைநூலின் சாவிக்கொத்தில். இரண்டை உன் மாமா ஜன்னல் திரைக்கு மாட்டியிருந்தான். ஒன்று தையல்காரரிடம் துணி பறக்காமலிருக்கக் கனத்துக்கு. ஏழாவது அடுத்த வீட்டு டீச்சரின் கிளிக்கூண்டில் ஊஞ்சலாகத் தொங்கிற்று. கம்பிவளையம் ஒன்றைப் பதிலுக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று ரசீதும் எழுதிக் கொடுத்தேன். கிளி மூன்று நாளாக என்னைப் பார்த்தால் முதுகைத் திருப்பிக்கொள்கிறது, டீச்சரும் கொஞ்சம் அப்படித்தான்.

என் வீட்டுக் குறையை நானே விசாரிக்கக் கூடாது, ஆகவே விளக்குக்கு அடியில் வளையம் வந்த குறையை மட்டும் அப்பா விசாரித்தார். மூலகாரணம் கிடைக்கும் வரை ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு கேட்டார். ஏன் வளையம் வைத்தாய், விளக்கு சாய்கிறது. ஏன் சாய்கிறது, பலகை கோணல். ஏன் கோணல், ஆணி கழன்றிருக்கிறது. ஏன் அடிக்கவில்லை, அடிக்கச் சொல்லியாயிற்று. ஏன் பிறகும் அடிக்கவில்லை, இதற்கு விசாரிக்கிறவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். மூலகாரணம் என்ற கட்டத்தில் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சுத்தியல் எடுக்கப் போனார்.

எட்டாவது எங்கே என்று கேட்டபோதுதான் அவர் முகம் மாறிற்று. "எட்டுன்னு தப்பா எழுதியிருப்பேன், ஏழுதான், விடு" என்றார். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, உப்பு வேண்டுமென்றால்கூட உன் மாமாவிடம் சொல்லி என்னிடம் கேட்கச் சொன்னார். வியாழக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், உன் புது மேசை, ஜன்னல், அப்புறம் நீ பேனா சொருகி வைத்திருக்கும் அந்த வளையம். நீ பட்டறை வேண்டாம் என்று கிளம்பிய நாளில் ஒரு வார்த்தை பேசாமல் உன் பையில் அப்பா எதையோ திணித்தாரே, அதுதானே அது. கேட்டேன். அப்பா, "அவகிட்ட அது ஒண்ணுதான் இருக்கு, அதையும் கேக்கணுமா" என்றார்.

கேட்கத்தான் வேண்டும் கண்ணே. சர்டிபிகேட் போனால் பட்டறை போயிற்று, மூன்று குடும்பம். நாமே கண்டுபிடித்து ஒத்துக்கொண்ட குறையை மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள். எட்டும் வெட்டியதாக எழுதியது தவறு என்று அப்பா பதிவேட்டில் இன்றைய தேதி போட்டு எழுதிவிட்டார். ஏழையும் வெட்டியாயிற்று, நான் எண்ண எண்ண அவர்தான் வெட்டினார். நீ என்றைக்காவது ஏறி வரும் விமானத்திலும் ஏதோ ஒரு பட்டறை வளையம் இருக்கும், அங்கேயும் ஒருத்தி சரியாக எண்ணியிருக்க வேண்டுமே என்றுதான் எனக்குக் கவலை.

அதனால் இரும்பறுக்கும் ரம்பம் ஒன்று யாரிடமாவது கேட்டு வாங்கி, விரல் பத்திரம், வளையத்தை இரண்டாக வெட்டி, எண் தெரியும்படி படம் எடுத்து வரும் இருபதாம் தேதிக்குள் அனுப்பு. இன்று காலை அப்பா டீயைக் குடித்துக்கொண்டே, "வெட்டினப்புறம் வச்சுக்கலாமான்னு உன் புஸ்தகத்துல பாரு" என்றார். பார்த்தேன். விமானத்துக்கு உதவாதபடி செய்ய வேண்டும் என்றுதான் இருக்கிறது, தூக்கிப் போட வேண்டும் என்று எங்கும் இல்லை. ஒரு பாதி உனக்கு, மறுபாதியைத் தபாலில் அப்பாவுக்கு அனுப்பு. லேத் பக்கத்தில் அதற்கு ஓர் ஆணி இப்போதே அடித்து வைத்திருக்கிறார்.

கடவுள் உன் கூடவே இருந்து எல்லா நலமும் தரட்டும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இருபதாம் தேதியை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
இன்டர்னல் ஆடிட்டர்.

மடிக்கும் முன் அப்பா வாங்கிப் படித்தார். தபாலில் என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே, நேரில் கொண்டு வா, என்று எழுதியிருக்கிறார், பார்த்தாயா. அனுமதி இல்லாமல் ஆவணத்தில் திருத்தம், இதற்குத் தனியாக ஒரு குறை எழுத வேண்டும். எழுதவில்லை.